கதவுச் சோதனை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

நான் இங்கே ஒருமாதிரி நலமாக இருக்கிறேன். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மாமா மாத்திரையை நேரத்துக்கு விழுங்குகிறாரா, இல்லை வழக்கம்போலச் சட்டைப்பையிலேயே வைத்துத் துவைக்கப் போடுகிறாரா?

விசாரணைக் கைதிகளுக்கு இங்கே ஃபோன் கிடையாது. கடிதம் எழுதலாம். வாசலில் பிரிப்பார்கள். பிளேடு, பொட்டலம் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதோடு சரி, படிப்பதில்லை. அதனால் மனம்விட்டு எழுது.

வக்கீல் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கழிவு அட்டையை அமுக்கிக் கட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டும் புரோகிராமை எழுதியது நான். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புரோகிராம் கதவைச் சோதித்துவிட்டுத்தான் ஓட்டும். அன்றைக்குக் கதவு திறந்துதான் இருந்தது. சிக்கிய அட்டையை எடுக்க, அங்கே வேலை பார்த்த அந்த அம்மா உள்ளே குனிந்திருக்கிறார். மெஷின் ஓடிவிட்டது. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பிறகு திறந்து பார்த்தால் மெஷினுக்குள் இருந்த புரோகிராமில் கதவுச் சோதனையே இல்லை. அதை எடுத்தது யார் என்பதுதான் வழக்கு. தொட முடிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொருவர் தொழிற்சாலை மெக்கானிக். அவரும் என் பக்கத்துக் கொட்டடியில்தான் இருக்கிறார்.

நான் எழுதிய புரோகிராம் முழுவதும் இணையத்தில் என் பெயரிலுள்ள கணக்கில் இருக்கிறது. எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார்கள் என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். உன் வீட்டில் விட்டுவந்த என் லேப்டாப்பில் நீ அந்தக் கணக்கைத் திறக்க வேண்டும். திறந்தால் நான் வெளியே வருவேன். பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம்.

உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை, அக்கா.

உன் தம்பி


பிப்ரவரி 19

என் தங்கத் தம்பிக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீ இளைச்சிருப்பியோன்னு மட்டும்தான் கவலை. என் முதுகு அப்படியேதான். மூக்குக்கண்ணாடிக் கடையில எட்டு மணி நேரம் குனிஞ்சு கண்ணாடி தேய்க்கிறவளுக்கு முதுகு வலிக்காம வேற என்ன வலிக்கும்?

நீ சொன்னபடி லேப்டாப்பைத் திறந்தேன். முதல் நாள் சார்ஜ் ஏத்தவே போயிடுச்சு. மறுநாள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல'ன்னு சிவப்பா ஒண்ணு வந்து நின்னுச்சு. மாமா ஒரு கம்ப்யூட்டரைக் கடன் கேட்டு வாங்கிட்டு வந்தார். அதுல கணக்குப் பக்கம் வந்துச்சு, ஆனா பாஸ்வேர்டு தப்புன்னுச்சு. அஞ்சு தடவை போட்டேன். கணக்கைப் பூட்டிட்டோம்னு சொல்லிடுச்சு. "திறக்கப் போனா பூட்டே நம்மளைத் திட்டுது"ன்னு மாமா சிரிச்சார். எனக்கு அழுகையா வந்துச்சு.

உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் அனுப்புவோம், அதையும் போடுன்னு வேற எழுதியிருக்கு. ஃபோன் போலீஸ்கிட்ட இல்ல இருக்கு?

இன்னொண்ணு கேக்கணும். லேப்டாப்புக்குள்ள ஒண்ணுமே இல்லையே. ஒரு போட்டோகூட இல்ல. யாரோ மொத்தமாத் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. உன்னைப் பிடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் கொண்டுவந்து குடுத்தே. ரிப்பேரா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மாமாவுக்கு என் வணக்கம். எனக்குக் காய்ச்சல் வந்து போயிற்று, இப்போது தேவலை.

ஒவ்வொன்றாகச் செய். லேப்டாப் மூலையில் தெரிகிற தேதியைப் பார். பழைய வருஷம் ஏதாவது காட்டும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் எந்தப் பக்கமும் அதை நம்பாது. கையால் சரியான தேதியைப் போடு, சிவப்பு போய்விடும்.

பூட்டிய கணக்கை ஒரு முழு நாள் தொடாதே. தானாகத் திறக்கும். தொட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணும். அடிக்கும்போது பெரிய எழுத்துப் பொத்தானில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்.

ஃபோன் நம்பருக்குப் பதிலாகப் போட வேண்டிய பத்து எண்களை முன்பே அச்செடுத்து வைத்திருக்கிறேன். என் சர்ட்டிஃபிகேட் ஃபைலில் கடைசி உறைக்குள் பார். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். கணக்கு திறந்ததும், இதோடு வைத்திருக்கும் தாளில் பெயர் எழுதிய டூலை இறக்கி இன்ஸ்டால் செய்து, அது திறக்கும் கறுப்பு ஜன்னலில் அதே தாளில் உள்ள வரியை அடித்துப் பார்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரையும் கூப்பிடாதே. நீயே செய். உனக்குப் புரியும்படி எழுத எனக்குத் தெரியும்.

உன் தம்பி


மார்ச் 25

அன்புத் தம்பி,

காய்ச்சல்னு எழுதிட்டே, மாத்திரை குடுத்தாங்களான்னு எழுதலியே. இருமல் இருக்கா?

தேதியை மாத்தினதும் சிவப்பு போயே போச்சு. உள்ள இருக்கிறது என்ன பேட்டரியோ, வருஷத்தையே மறந்து உக்காந்திருக்கு. கணக்கும் திறந்துடுச்சு! பாஸ்வேர்டுல நீ எழுதினது பூஜ்ஜியமா, 'ஓ'வான்னுதான் அன்னிக்குக் குழம்பியிருக்கேன். நாள் பூரா பொடி எழுத்துல பவர் நம்பர் படிக்கிற என் கண்ணுக்கே தப்பிடுச்சு பாரு. உன் எழுத்து சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்.

நீ சொன்ன அந்த டூலை இறக்கி இன்ஸ்டால் பண்ணேன். முதல்ல 'அனுமதி இல்லை'ன்னுச்சு. அப்புறம் போட்டாச்சுன்னுச்சு. ஆனா கறுப்பு ஜன்னல்ல நீ எழுதிக் குடுத்ததை அடிச்சா 'இப்படி ஒரு கட்டளை தெரியாது'ன்னுது. நான் எழுதி உன் பதில் வர்றதுக்குப் பதினஞ்சு நாள் ஆகுதே, அதனால அந்தக் கணக்குக்காரங்க உதவி மையத்துக்கே எழுதிக் கேட்டேன். பொறுமையாப் பதில் சொல்றாங்க. கோபிச்சுக்காதே.

ஏப்ரல் அஞ்சு உன்னைப் பார்க்க வர்றேன். நான் கேட்டதுக்கு மட்டும் நீ பதில் சொல்லல. லேப்டாப்பை ஏன் துடைச்சே?

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

நல்லபடி வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ்ஸில் அத்தனை தூரம் உட்கார்ந்து வந்தாயே, முதுகு என்ன சொல்கிறது? கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்ததும் பேச வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

வாசல் வரிசையில் மெக்கானிக்கின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாயாம். மெக்கானிக் இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். அவர் மனைவிக்குக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றாயாமே. வேண்டாம், அக்கா. வக்கீலுக்கு இது பிடிக்காது. அந்த மனிதரும் சும்மா இருக்கவிடுவதில்லை. "தம்பி, அந்தச் சோதனை எப்படிக் காணாமப் போச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, நான் வக்கீல்கிட்ட சொல்றேன்" என்று தினமும் கேட்கிறார்.

இனி வேலை. டூலை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய். நடுவில் ஒரு பெட்டியில் டிக் கேட்கும், போடு. பழைய கறுப்பு ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திற. பிறகு பின்பக்கத்தில் எழுதியிருக்கும் மூன்று வரிகளையும் வரிசை மாறாமல் அடி. முதல் வரி புரோகிராமை இறக்கும். இரண்டாவது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். மூன்றாவது திருப்பிக் கணக்கில் ஏற்றும். மூன்றாவது வரியின் கடைசியில் இரண்டு சின்னக் கோடு போட்டு 'ஃபோர்ஸ்' என்று வரும். அதை விட்டுவிடாதே. வக்கீல் பார்க்க எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும், அதற்குத்தான்.

உள்ளே இருப்பதைப் படித்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. ஜூன் பதினாறு வாய்தா. மே மாதத்துக்குள் முடித்துவிடு.

உன் தம்பி


ஏப்ரல் 29

வணக்கம் அம்மா,

தாங்கள் நலமென நம்புகிறேன். உதவி மையத்திலிருந்து எழுதுகிறேன். முன்பே சொன்னபடி, கணக்கைப் பற்றிய கோரிக்கைகளை அதன் உரிமையாளரான தங்கள் தம்பிதான் அனுப்ப வேண்டும். இன்ஸ்டால் பற்றிய சந்தேகங்களை யார் கேட்டாலும் விளக்குவேன்.

நீக்கிவிட்டு மறுபடி போட்டதில் டூல் ஓடத் தொடங்கியது மகிழ்ச்சி. 'கட்டளை தெரியாது' என்பது எங்களிடம் தினமும் இருபது பேராவது கேட்கும் கேள்வி. அனுபவமுள்ள புரோகிராமர்களே மாட்டிக்கொள்கிறார்கள், தாங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்ததாக, அந்த மூன்று வரிகளையும் அனுப்பி 'இவை என்ன செய்யும்?' என்று கேட்டிருந்தீர்கள். முதல் வரியால் ஒன்றும் ஆகாது, அது வெறும் நகல் எடுக்கும். இரண்டாவது, கடைசியாகச் செய்த மாற்றத்துக்கு முந்தைய நிலைக்கு அந்த நகலைப் பின்னால் கொண்டுபோகும். மூன்றாவதை அடித்தால் கணக்கில் இருக்கும் பதிவின் மேல் இந்த நகல் போய் உட்காரும். கடைசி மாற்றம் என்ன, அதைச் செய்தவர் யார், எந்தத் தேதியில் என்ற குறிப்பு பட்டியலிலிருந்து போய்விடும். பிறகு பார்ப்பவருக்கு அப்படி ஒரு மாற்றம் நடந்ததாகவே தெரியாது.

சில சமயம் இது தேவைப்படும், தவறொன்றும் இல்லை. ஆனால் அடிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்க்கும்படி எல்லோரிடமும் சொல்வது எங்கள் வழக்கம். பட்டியலைப் பார்க்கும் முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உதவி மைய ஊழியை


மே 4

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கு?

நேத்து கடைக்கு லீவு சொல்லிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்தேன். முதல் வரியை மட்டும் அடிச்சேன். பட்டியலைத் திறந்து பார்த்தேன். மேலேயே இருக்கு. மெஷின்ல சிக்கி அந்த அம்மா போறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடித் தேதி. உன் பேரு. பக்கத்துல உன் கையால ஒரு குறிப்பு. 'கதவுச் சோதனை நீக்கம். மெஷின் அடிக்கடி நிற்பதாகப் புகார். பிறகு திரும்பப் போட வேண்டும்.'

நீதான் எடுத்திருக்கே.

மீதி ரெண்டு வரியும் எதுக்குன்னு உதவி மையத்துல சொல்லிட்டாங்க. எதுக்குன்னு தெரியாமலே என் கையாலேயே அழிக்க வெச்சிருப்பே. லேப்டாப்பை ஏன் துடைச்சேன்னு ரெண்டு தடவை கேட்டேனே, இப்ப பதில் வேண்டாம்.

மெக்கானிக் சம்சாரம் அன்னிக்கு வரிசையில கேஸ் பேப்பரைக் கையை நீட்டிப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, "இதுல அவர் பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சு சொல்றீங்களா?"ன்னு கேட்டாங்க. நான்தான் படிச்சுச் சொன்னேன். 'பாதுகாப்புச் சோதனையை வேண்டுமென்றே நீக்கியவர்.' அதைக் கேட்டு அவங்க, "அவருக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாதே"ன்னாங்க. அவங்களுக்குக் கண்ணாடி போட்டு அனுப்பிட்டேன். நீ வேண்டாம்னு எழுதினது அப்புறம்தான் வந்துச்சு. வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

வக்கீலைக் கூப்பிட்டு நீயே சொல்லு. நீயே சொன்னா அது ஒரு மாதிரி. நான் சொன்னா வேற மாதிரி. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்.

அக்கா


மே 19

அக்கா,

நலம் விசாரிக்கிற முகம் எனக்கில்லை.

ஒரு ஷிஃப்டுக்கு முப்பது நாற்பது தடவை மெஷின் நின்றது. கதவு மூடித்தான் இருக்கும், அட்டைத் தூசி படிந்து சென்சார் திறந்திருப்பதாகச் சொல்லும். தொழிற்சாலையிலிருந்து எங்கள் முதலாளிக்குப் புகார், முதலாளியிடமிருந்து எனக்கு. "இன்னிக்கு ஓடலைன்னா நாளைக்கு நீ வராதே" என்றார். நல்ல சென்சார் வரும்வரை ஒரு வாரம்தானே என்று எடுத்தேன். மெஷினுக்குத் தனியாக ஒரு தாழ்ப்பாள் இருக்கும், அது தடுக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. மறந்துவிட்டேன், அக்கா. சத்தியமாக மறந்துதான் போனேன்.

அந்தச் செய்தி வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். மெக்கானிக்கைப் பிடித்தார்கள். ஒரு நாள் பேசாமல் இருந்தேன். ஒரு நாள் போனபிறகு இரண்டாம் நாள் சுலபமாகிவிட்டது.

நானே சொல்கிறேன். வாய்தா அன்று நீதிபதி முன்னால் சொல்லிவிடுகிறேன். அதுவரை மட்டும் பொறு. இங்கே சொன்னால் என்னென்னவோ எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பதினாறாம் தேதி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தம்பி


மே 27

தம்பிக்கு,

சரி. பதினாறு வரைக்கும்.

மாமாகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா அவர் சிரிக்கல.

அக்கா


ஜூன் 5

கண்ணாடிக்கார அக்காவுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? நீங்கள் அனுப்பிய கண்ணாடி சரியாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் வருவதில்லை.

என் வீட்டுக்காரர் ஜூன் இரண்டாம் தேதி ஜெயிலிலேயே போய்விட்டார். நெஞ்சு வலி. காலையில் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் வந்து சாவியைத் தேடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதாம். பக்கத்துக் கொட்டடியில் உங்கள் தம்பி ரொம்ப நேரம் கத்தினாராம். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இனிமேல் அவர் மேல் கேஸ் நடக்காது என்றார்கள். நல்லதுதானே என்று கேட்டேன். "நடக்காதுன்னா, அவர்தான் செஞ்சார்னு பேப்பர்ல அப்படியே நின்னுடும்" என்றார் வக்கீல். தெருவில் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள். செத்துப்போன அந்த அம்மாவின் மகன் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அந்தப் புரோகிராம் எப்படி மாறியது என்று உங்கள் தம்பிக்கு ஏதாவது தெரிந்தால், ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள், அக்கா.

மெக்கானிக் வீட்டிலிருந்து


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உனக்கும் மாமாவுக்கும் வணக்கம். மெக்கானிக் போனது உனக்குத் தெரிந்திருக்கும். நான் தொண்டை கிழியக் கத்தினேன், அக்கா. கம்பியில் தட்டை வைத்து அடித்தேன். இப்போதும் குரல் சரியாகவில்லை.

வக்கீல் வந்திருந்தார். எல்லாம் அவர் மேலேயே போய்விடும் என்கிறார். பதினாறாம் தேதி என்னை விட்டுவிட நிறைய வாய்ப்பு இருக்கிறதாம். கணக்கைப் பார்க்க வேண்டும் என்று போலீஸ் தரப்பில் மனு போடப் போகிறார்களாம், அதற்கு முன்னால் அது சுத்தமாக இருந்தால் போதும்.

நான் சொன்னால் மட்டும் அவர் திரும்பி வரப் போகிறாரா? இனிமேல் யாருக்கும் கெடுதல் இல்லை. உயிரோடு இருக்கிறவனைப் பார். மீதி இரண்டு வரியையும் அடித்துவிடு. ஒரு நிமிஷ வேலை.

பதினாறாம் தேதி வரும்போது என் நீலச் சட்டையைக் கொண்டு வா. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வர ஒன்றும் இல்லை.

உன் தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

கோர்ட்டுல உன்னைத் தூரத்துல இருந்து பார்த்தேன். கழுத்தெலும்பு தெரியுது. குரல் சரியாச்சா?

நீ சொல்லுவேன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் உக்காந்திருந்தேன். நீதிபதி கேட்டப்போ, "எனக்குத் தெரியாது ஐயா"ன்னே. அதுக்கப்புறம்தான் லேப்டாப் பையை எடுத்துக்கிட்டு எழுந்திருச்சேன். அரசு வக்கீல் என்னை ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க இருந்த கம்ப்யூட்டர் ஆளுக்குக் கணக்கைத் திறக்க வரல. ஃபைல்ல இருந்த எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தார். "அது ஒரு தடவைதாங்க செல்லும், அடுத்ததைப் போடுங்க"ன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். திறந்துச்சு. எல்லாரும் குனிஞ்சு படிச்சாங்க. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கல.

சாயங்காலம் மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். அவங்களை உக்கார வெச்சு முழுசாச் சொன்னேன். அப்புறம், "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"னு கேட்டாங்க.

மே மாசம் மூணாம் தேதின்னேன்.

அவங்க விரல் விட்டு எண்ணினாங்க. மே மூணுல இருந்து அவர் போன ஜூன் ரெண்டு வரைக்கும். எண்ணி முடிச்சதும், "நீங்க கிளம்புங்க"ன்னாங்க. சத்தமாக்கூடச் சொல்லல. கிளம்பிட்டேன். பஸ் வர ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. நின்னுக்கிட்டே இருந்தேன்.

நீ மறந்தேன்னு எழுதினே. நான் மறக்கல. ஒரு தம்பிதானே, கொஞ்ச நாள்தானேன்னு தெரிஞ்சேதான் பொறுத்தேன். அதனால உன்னைத் திட்ட எனக்கு வாய் வரல.

நீலச் சட்டையை வாசல்ல குடுத்திருக்கேன். இனிமே மாசா மாசம் வருவேன். நீ பார்க்க மாட்டேன்னு சொன்னாலும் வந்து உக்காந்துட்டுப் போவேன். மாமா வரல, இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்னார்.

உடம்பைப் பார்த்துக்கோ. உனக்கு நெஞ்சு வலின்னாலும் சரி, பக்கத்துல இருக்கிறவனுக்கு வலின்னாலும் சரி, கதவைத் திறக்கிற வரைக்கும் கத்துறதை நிறுத்தாதே.

அக்கா